ரிசால்வ்.கான்ஃப் யார் கையில் இருக்கிறது?

"அண்ணா, டிஎன்எஸ் சர்வரை மாத்தினேன், நல்லாத்தான் வேலை செஞ்சுது. ரீபூட் பண்ணினதும் பழைய ஐபியே திரும்ப வந்துடுச்சு. என்ன பண்றது?"

பெங்களூரு எலெக்ட்ரானிக் சிட்டியில் லினக்ஸ் சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருப்பவர்களுக்கு இந்தக் கேள்வி பழகிப்போன ஒன்று. சேலம், ஈரோடு, திருநெல்வேலி என்று ஒவ்வொரு ஊரிலிருந்தும் படிப்பை முடித்துவிட்டு ஓசூர் ரோடு வழியாக இங்கே வந்து சேரும் தம்பி தங்கைகள் என்னிடம் அதிகம் கேட்பது இதைத்தான். ஒவ்வொருவருக்கும் வாட்ஸ்அப்பில் துண்டு துண்டாகப் பதில் அனுப்புவதைவிட ஒரே இடத்தில் முழுசாக எழுதிவைத்தால் நல்லது என்று தோன்றியது. கொஞ்சம் நீளமான பதிவு. டீ எடுத்து வைத்துக்கொண்டு படியுங்கள்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ரிசால்வ்.கான்ஃப் என்ற ஃபைலைத் திறந்து திருத்துவதற்கு முன்னால், இந்த மெஷினில் அந்த ஃபைலை எழுதிக்கொண்டிருப்பது யார் என்று கண்டுபிடியுங்கள். மாற்றத்தை அவரிடம் சொல்லுங்கள். அப்படிச் சொன்னால் நிற்கும். ஃபைலில் நேரடியாக எழுதினால் பெரும்பாலும் நிற்காது. மீதிப் பதிவு முழுக்க இந்த ஒன்றைத்தான் விளக்கப் போகிறேன்.

கட்டளைகளின் பெயர்களைத் தமிழ் எழுத்திலேயே எழுதியிருக்கிறேன். டெர்மினலில் அடிக்கும்போது அவற்றின் ஆங்கில வடிவத்தைப் போட்டுக்கொள்ளுங்கள்.

பெயர் போனால் எல்லாம் போகும்

2021 அக்டோபர் 4-ஆம் தேதி இரவு நினைவிருக்கும். நம் நேரப்படி ஒன்பது மணி தாண்டியதும் ஃபேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் மூன்றும் ஒன்றாகப் படுத்துவிட்டன. சுமார் ஆறு மணி நேரம் எழவில்லை. பராமரிப்பு வேலையில் கொடுத்த ஒரு கட்டளை அந்த நிறுவனத்தின் டேட்டா சென்டர்களை இணைக்கும் முதுகெலும்பு நெட்வொர்க்கைத் துண்டித்தது. அதனால் அவர்களுடைய டிஎன்எஸ் சர்வர்கள், தங்களை அடையும் வழியை இணையத்துக்கு அறிவிப்பதை நிறுத்திக்கொண்டன. உலகத்தில் யார் அந்தப் பெயர்களைக் கேட்டாலும் பதில் சொல்ல ஆள் இல்லை.

நம் அலுவலகங்களிலும் இதேதான், அளவு மட்டும் சின்னது. டேட்டாபேஸ் சர்வர் நன்றாக ஓடும், நெட்வொர்க் கேபிள் சரியாக இருக்கும், பிங் போகும். ஆனால் அப்ளிகேஷன் டேட்டாபேஸைப் பெயரால் தேடுகிறது. பெயருக்கு ஐபி முகவரி கிடைக்கவில்லை. பயனர் கண்ணுக்கு எல்லாமே செத்துவிட்டது. அதனால்தான் இந்த ஒரு வரி மாற்றத்தை இவ்வளவு மரியாதையோடு அணுகச் சொல்கிறேன்.

கையால் எழுதிய காலம்

இணையத்தின் ஆரம்ப காலத்தில் அதில் இணைந்திருந்த எல்லாக் கம்ப்யூட்டர்களின் பெயர்களும் ஒரே ஃபைலில் இருந்தன. கலிபோர்னியாவின் ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிறுவனத்தில் எலிசபெத் ஃபைன்லரின் குழு அந்தப் பட்டியலைப் பராமரித்தது. புதிதாக ஒரு மெஷின் வந்தால் அவர்களுக்குச் சொல்லி அதில் சேர்க்க வேண்டும்; மற்றவர்கள் எல்லாரும் அந்த ஃபைலை இறக்கிக்கொள்ள வேண்டும். மெஷின்கள் பெருகியதும் இது தாங்கவில்லை. 1983-இல் பால் மொக்கபெட்ரிஸ் டிஎன்எஸ் முறையை வடிவமைத்தார். பெர்க்லி பல்கலைக்கழகத்தின் முதுநிலை மாணவர்கள் நால்வர் அதை யுனிக்ஸுக்காக எழுதினார்கள், அதுதான் பைண்ட். 1986-இல் வெளியான 4.3 பிஎஸ்டியோடு அது பரவியது. நாம் இன்று திருத்தும் ரிசால்வ்.கான்ஃப் ஃபைலும் அந்தக் குடும்பத்தில் பிறந்ததுதான்.

இந்தியாவுக்கான .இன் 1989-இல் வந்தது. அதைப் பல வருடங்கள் கவனித்துக்கொண்டது என்சிஎஸ்டி என்ற தேசிய மென்பொருள் தொழில்நுட்ப மையம். அதன் பெங்களூரு மையம் இருந்தது நம் எலெக்ட்ரானிக் சிட்டியில்தான். பின்னால் என்சிஎஸ்டி சி-டாக் அமைப்போடு இணைந்தது.

அந்தக் காலத்து யுனிக்ஸ் மெஷின் ஓரிடத்தில் நட்டுவைத்தது. அதன் ஐபி மாறாது, நெட்வொர்க் மாறாது. சிஸ்டம் அட்மின் ரிசால்வ்.கான்ஃபில் இரண்டு வரி எழுதினால், அடுத்து இன்னொரு மனிதர் வந்து மாற்றும்வரை அது அப்படியே இருக்கும். எழுதுபவர் ஒரே ஒருவர்தான், அதுவும் மனிதர்.

பிறகு ஒவ்வொன்றாகக் கைகள் கூடின. டிஹெச்சிபி வந்தது, ஐபியோடு சேர்த்து டிஎன்எஸ் முகவரியையும் அதுவே கொடுத்தது. லேப்டாப் வந்தது, வீட்டில் ஒரு வைஃபை, அலுவலகத்தில் ஒன்று. விபிஎன் வந்தது; இணையும்போது ஒரு டிஎன்எஸ், துண்டிக்கும்போது வேறொன்று. ஐபிவி6 வந்தது, ரவுட்டரே நேராக டிஎன்எஸ் முகவரியை அறிவிக்கிறது. கிளவுட் வந்தது, கன்டெய்னர் வந்தது. இத்தனை பேருக்கும் எழுத வேண்டிய இடம் அதே ஒரு சின்ன ஃபைல். ஒருவர் எழுதியதை இன்னொருவர் அழிப்பதைத் தடுக்கத்தான் நடுவில் நிர்வாகிகளை வைத்தார்கள்: ரிசால்வ்கான்ஃப் (புள்ளி இல்லாத இது ஒரு நிரல்), நெட்வொர்க் மேனேஜர், சிஸ்டம்டி-ரிசால்வ்டு. இன்று அந்த ஃபைல் அவர்கள் ஒட்டும் அறிக்கை. அபார்ட்மென்ட் நோட்டீஸ் போர்டில் செயலாளர் ஒட்டிய தாளை நீங்கள் பேனாவால் திருத்தலாம். அவர் அடுத்த தாளை ஒட்டும்வரைதான் உங்கள் திருத்தத்துக்கு ஆயுள்.

ஃபைலுக்குள் என்ன இருக்கிறது

இடிசி அடைவுக்குள் இருக்கும் இந்த ஃபைலில் முக்கியமாக மூன்று வகை வரிகள்.

முதலாவது நேம்சர்வர். கேள்வியை யாரிடம் கேட்பது என்று ஐபி முகவரியாகச் சொல்கிறது. லினக்ஸின் ஜிலிப்சி நூலகம் முதல் 3 நேம்சர்வர்களை மட்டும்தான் எடுத்துக்கொள்ளும். நான்காவதாக எழுதியது பார்வைக்கு இருக்கும், பயன்படாது.

இரண்டாவது சர்ச். முழுப் பெயர் அடிக்காமல் சுருக்கப் பெயர் அடித்தால் பின்னால் எந்த டொமைனைச் சேர்த்துப் பார்ப்பது என்று சொல்கிறது. பழைய மெஷினிலிருந்து புதியதுக்கு மாறும்போது நேம்சர்வரைச் சரியாக எழுதிவிட்டு இந்த வரியை விட்டுவிட்டால், சுருக்கப் பெயரை நம்பி எழுதிய ஸ்கிரிப்டுகள் எல்லாம் நின்றுவிடும்.

மூன்றாவது ஆப்ஷன்ஸ். இதில் டைம்அவுட் டீஃபால்ட்டாக 5 விநாடி, அட்டெம்ப்ட்ஸ் 2. முதல் நேம்சர்வர் செத்துக் கிடந்தால், ஒவ்வொரு பெயரையும் தேடும்போது 5 விநாடி காத்திருந்துவிட்டுத்தான் இரண்டாவதுக்குப் போகும். எஸ்எஸ்ஹெச் லாகின் திடீரென்று சில விநாடி திணறுகிறது என்று யாராவது சொன்னால், நான் சிபியுவைப் பார்ப்பதற்கு முன் முதல் நேம்சர்வர் உயிரோடு இருக்கிறதா என்றுதான் பார்ப்பேன். டைம்அவுட்டை 1 அல்லது 2 விநாடியாகக் குறைத்து வைப்பது சர்வர்களுக்கு நல்லது.

இங்கே அனுபவசாலிகளிடமும் நான் பார்க்கிற ஒரு தவறான நம்பிக்கையைப் பேசியாக வேண்டும். "அலுவலக டிஎன்எஸ் முதலில் இருக்கட்டும், 8.8.8.8 இரண்டாவதாக இருக்கட்டும். அலுவலக சர்வருக்குத் தெரியாத பெயரை கூகுள் சொல்லிவிடும்" என்பது அந்த நம்பிக்கை. அப்படி நடக்காது. முதல் சர்வர் "அப்படி ஒரு பெயரே இல்லை" என்று சொன்னால் அது முழுமையான பதில். தேடல் அங்கேயே முடிந்துவிடும். இரண்டாவது சர்வரைக் கேட்கவே கேட்காது. முதல் சர்வர் பதிலே தராமல் இருந்தாலோ, என்னால் முடியவில்லை என்று பிழை திருப்பினாலோதான் அடுத்தவரிடம் போகும். அதனால் பட்டியலில் இருக்கும் எல்லா நேம்சர்வரும் ஒரே விஷயத்தை அறிந்தவையாக இருக்க வேண்டும். உள் பெயர்கள் தெரியாத வெளி சர்வரை இரண்டாவதாக வைத்தால், முதல் சர்வர் ஒரு நொடி தடுமாறும்போது உள் பெயர் வெளியே கேட்கப்படும், "இல்லை" என்று பதில் வரும், அப்ளிகேஷன் விழும். இந்தக் கோளாறு எப்போதாவது தலைகாட்டி மறைந்துவிடும் என்பதால் கண்டுபிடிப்பதும் கடினம்.

ஆல்பைன் லினக்ஸ் பயன்படுத்தும் மஸ்ல் நூலகம் இன்னொரு மாதிரி. அது எல்லா நேம்சர்வரையும் ஒரே நேரத்தில் கேட்டு, முதலில் வந்த பதிலை எடுத்துக்கொள்ளும். அங்கே இப்படி வைத்திருந்தால் தடுமாற்றம் இன்னும் சீக்கிரம் வெளியே தெரியும். கன்டெய்னர் இமேஜ்கள் பல ஆல்பைன் மேல் கட்டியவை என்பதை நினைவில் வையுங்கள்.

எழுதுபவரைக் கண்டுபிடிப்பது

முதலில் எல்எஸ் -எல் போட்டு அந்த ஃபைலைப் பாருங்கள். சாதாரண ஃபைலா, சிம்லிங்க்கா? ரன் அடைவுக்குள் சிஸ்டம்டி, ரிசால்வ் என்று போகும் அம்புக்குறி தெரிந்தால் எழுதுபவர் சிஸ்டம்டி-ரிசால்வ்டு. உள்ளே நேம்சர்வர் 127.0.0.53 என்று இருந்தாலும் அதே அடையாளம்தான். அது மெஷினுக்குள்ளேயே இருக்கும் ஒரு இடைத்தரகர். உண்மையில் கேள்வி எங்கே போகிறது என்பதை ரிசால்வ்சிடிஎல் ஸ்டேட்டஸ் கட்டளை ஒவ்வொரு நெட்வொர்க் கார்டுக்கும் தனித்தனியாகக் காட்டும்.

அடுத்து ஃபைலின் முதல் சில வரிகளைப் படியுங்கள். பெரும்பாலான நிர்வாகிகள் அங்கே கையெழுத்துப் போட்டிருப்பார்கள். நெட்வொர்க் மேனேஜர் தான் உருவாக்கியது என்று எழுதிவைக்கும். ரிசால்வ்கான்ஃப், கையால் திருத்தாதே, அழிந்துவிடும் என்று பெரிய எழுத்தில் எச்சரிக்கும். சோலாரிஸ் 11-இல் அதன் சேவை நிர்வாகியான எஸ்எம்எஃப் உருவாக்கியது என்ற குறிப்பு இருக்கும்.

இரண்டிலும் தடயம் கிடைக்கவில்லை என்றால் மெஷினுக்கு வெளியே இருக்கும் கைகளைத் தேடுங்கள். பப்பெட் இருந்தால் டீஃபால்ட்டாக 30 நிமிடத்துக்கு ஒருமுறை வந்து தன் கணக்குப்படி எல்லாவற்றையும் சரிசெய்துவிட்டுப் போகும். ஆன்சிபிளை அட்டவணை போட்டு ஓட்டும் இடங்களும் உண்டு. கிளவுட் மெஷின் என்றால் கிளவுட்-இனிட் இருக்கிறதா என்று பாருங்கள். எதுவுமே இல்லாத, உண்மையிலேயே கையால் எழுதும் சர்வரும் சில சமயம் சிக்கும். அங்கே மட்டும் ஃபைலை நேராகத் திருத்தலாம்.

அவரவர் வாசலில் போய்ச் சொல்வது

உபுண்டு சர்வர். 18.04-லிருந்து டீஃபால்ட்டாக நெட்பிளான்தான். இடிசி அடைவில் நெட்பிளான் என்ற உள்அடைவில் யாமல் ஃபைல் இருக்கும். உங்கள் நெட்வொர்க் கார்டின் கீழ் நேம்சர்வர்ஸ், அதன் கீழ் அட்ரஸஸ் என்று எழுதி ஐபிகளைக் கொடுங்கள். சர்ச் டொமைனும் அங்கேயேதான். யாமலில் இடைவெளிதான் இலக்கணம், டேப் விசையைத் தொடாதீர்கள். டிஹெச்சிபி வழியாக ஐபி வரும் மெஷின் என்றால், டிஹெச்சிபி கொடுக்கும் டிஎன்எஸ்ஸை எடுத்துக்கொள்ளாதே என்று தனியாகச் சொல்ல வேண்டும். டிஹெச்சிபி4-ஓவர்ரைட்ஸ் என்பதன் கீழ் யூஸ்-டிஎன்எஸ் ஃபால்ஸ். எழுதி முடித்ததும் அவசரப்பட்டு அப்ளை கொடுக்காதீர்கள். நெட்பிளான் ட்ரை என்று ஒன்று இருக்கிறது. மாற்றத்தைப் போட்டுவிட்டு 120 விநாடி காத்திருக்கும். நீங்கள் உறுதிசெய்யாவிட்டால் பழைய நிலைக்கே திரும்பிவிடும். தூரத்து சர்வரில் எஸ்எஸ்ஹெச் வழியாக வேலை செய்பவர்களுக்கு இது பெரிய பாதுகாப்பு. கிளவுட்-இனிட் எழுதிய நெட்பிளான் ஃபைல் என்றால், முதலில் கிளவுட்-இனிட்டின் நெட்வொர்க் வேலையை முடக்கிவிட்டு வாருங்கள்.

ரெட் ஹேட் குடும்பம். ராக்கி, அல்மா எல்லாம் சேர்த்து இங்கே நெட்வொர்க் மேனேஜர்தான் எழுதுபவர். என்எம்சிஎல்ஐ கட்டளையால் கனெக்ஷனைத் திருத்துங்கள். ஐபிவி4.டிஎன்எஸ் என்பதில் புதிய முகவரிகள், ஐபிவி4.இக்னோர்-ஆட்டோ-டிஎன்எஸ் என்பதில் யெஸ். ஐபிவி6-க்கும் இதே இரண்டு அமைப்புகள் தனியாக இருக்கின்றன. நான்கைச் சரிசெய்துவிட்டு ஆறை மறந்தால், ரவுட்டர் அறிவிக்கும் முகவரி பட்டியலுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். திருத்தியபின் டிவைஸ் ரீஅப்ளை கொடுத்தால் கனெக்ஷன் அறுபடாமல் மாற்றம் நடைமுறைக்கு வரும்.

டெபியன். பழைய முறையில் நிறுவியது என்றால் இன்டர்ஃபேசஸ் ஃபைலில் டிஎன்எஸ்-நேம்சர்வர்ஸ் வரி எழுதும் வழக்கம் உண்டு. ஆனால் ரிசால்வ்கான்ஃப் நிறுவியிருந்தால்தான் அந்த வரிக்கு உயிர். அது இல்லாத மெஷினில் அழகாக எழுதிவிட்டு ஏன் மாறவில்லை என்று தேடிக்கொண்டிருப்பவர்கள் நிறைய.

பிஎஸ்டி குடும்பம். ஃப்ரீபிஎஸ்டியில் டிஹெச்கிளையன்ட் அமைப்பு ஃபைலில் சூப்பர்சீட் என்ற சொல்லோடு டொமைன்-நேம்-சர்வர்ஸ் கொடுத்தால், டிஹெச்சிபி என்ன அனுப்பினாலும் உங்கள் முகவரியே நிற்கும். ஓப்பன்பிஎஸ்டியின் சமீபப் பதிப்புகளில் ரிசால்வ்டி என்ற சின்ன நிரல் அந்த வேலையைப் பார்க்கிறது.

சோலாரிஸ் 11-இல் எஸ்விசிசிஎஃப்ஜி கட்டளையால் டிஎன்எஸ் கிளையன்ட் சேவையின் பண்பை மாற்றி, எஸ்விசிஏடிஎம் ரிஃப்ரெஷ் கொடுக்க வேண்டும். ஏஐஎக்ஸ்ஸில் இன்னும் ரிசால்வ்.கான்ஃபை நேராக எழுதலாம். ஆனால் ஹோஸ்ட்ஸ் ஃபைலை முதலில் பார்ப்பதா டிஎன்எஸ்ஸையா என்ற வரிசை நெட்எஸ்விசி.கான்ஃபில் இருக்கிறது, லினக்ஸைப் போல என்எஸ்ஸ்விட்ச்.கான்ஃபில் தேடாதீர்கள். வங்கி, காப்பீடு வாடிக்கையாளர்களைப் பார்த்துக்கொள்ளும் குழுக்களில் இந்த இரண்டும் இன்னும் உயிரோடு ஓடிக்கொண்டிருக்கின்றன.

மேக்கும் யுனிக்ஸ்தான். அங்கே ரிசால்வ்.கான்ஃப் ஃபைலைத் திறந்தால், பெரும்பாலான நிரல்கள் இதைப் பார்ப்பதில்லை என்று அதுவே சொல்லும். நெட்வொர்க்செட்டப் கட்டளையால் மாற்றுங்கள், எஸ்சியுடில் கட்டளையால் சரிபாருங்கள்.

இத்தனையும் சொன்ன பிறகும் ஒருவர் கேட்பார்: "சாட்டர் ப்ளஸ் ஐ போட்டு ஃபைலைப் பூட்டிவிட்டால் என்ன?" பூட்டு வேலை செய்யும் என்பது உண்மை. ஆனால் எழுதுபவர் உள்ளே தோற்றுக்கொண்டே இருப்பார், லாக் நிரம்பும். விபிஎன் இணைந்தால் பெயர்கள் கிடைக்காது. இரண்டு வருடம் கழித்து உங்கள் இடத்துக்கு வருபவர் ரூட் கணக்கில் இருந்தும் எழுத முடியாமல் நள்ளிரவில் தவிப்பார். பூட்டு ஒரு தீர்வு என்று நான் யாருக்கும் சொல்வதில்லை.

மாறிவிட்டதா என்று பார்ப்பது

மாற்றுவதற்கு முன்பே செய்ய வேண்டிய சோதனை ஒன்று இருக்கிறது. டிக் கட்டளையில் @ குறி போட்டு, புதிய சர்வரின் ஐபியைக் கொடுத்து நேராகக் கேளுங்கள். உள் பெயர் ஒன்று, வெளிப் பெயர் ஒன்று, ஐபியிலிருந்து பெயருக்குப் போகும் தலைகீழ்த் தேடல் ஒன்று. பிறகு அதையே டிசிபி வழியாகவும் கேளுங்கள். ஃபயர்வாலில் 53-ஆம் போர்ட்டை யுடிபிக்கு மட்டும் திறந்துவிட்டு டிசிபியை விட்டுவிடுவது அடிக்கடி நடப்பது. சின்னப் பதில்கள் எல்லாம் வரும். பெரிய பதில் வரும்போது மாட்டிக்கொள்ளும். இந்தச் சோதனையை ஒவ்வொரு சப்நெட்டிலிருந்தும் செய்யுங்கள்.

மாற்றிய பின் டிக் சரியாகப் பதில் தருகிறது, அப்ளிகேஷனுக்கு மட்டும் கிடைக்கவில்லை என்றால் குழம்ப வேண்டாம். டிக் நேராக டிஎன்எஸ்ஸைக் கேட்கிறது. அப்ளிகேஷன் முதலில் என்எஸ்ஸ்விட்ச்.கான்ஃபின் வரிசைப்படி ஹோஸ்ட்ஸ் ஃபைலைப் பார்க்கும். எப்போதோ யாரோ ஹோஸ்ட்ஸ் ஃபைலில் எழுதிவைத்த பழைய ஐபி அங்கே காத்திருக்கலாம். அதனால் கெட்என்ட் ஹோஸ்ட்ஸ் என்ற கட்டளையால் பாருங்கள். அப்ளிகேஷன் போகும் அதே பாதையில்தான் அதுவும் போகும்.

அடுத்தது, ஓடிக்கொண்டிருக்கும் நிரல்கள். 2017-இல் வந்த ஜிலிப்சி 2.26-க்கு முந்தைய பதிப்புகளில், ஒரு நிரல் தொடங்கும்போது படித்த ரிசால்வ்.கான்ஃபையே கடைசிவரை வைத்துக்கொள்ளும். ஃபைல் மாறியது அதற்குத் தெரியாது. பழைய ரெட் ஹேட் 7 மெஷின்களில் மாற்றத்துக்குப் பிறகு சேவைகளை ரீஸ்டார்ட் செய்தே ஆக வேண்டும். ஜாவா தனக்கென்று ஒரு கேஷ் வைத்துக்கொள்கிறது. என்ஜின்எக்ஸ் சாதாரணமாகத் தொடங்கும்போது ஒருமுறை பெயரைத் தேடி, கிடைத்த ஐபியைப் பிடித்துக்கொள்ளும். டாக்கர் கன்டெய்னர் தொடங்கும்போது ஹோஸ்ட் மெஷினின் அமைப்பிலிருந்து தனக்கு ஒரு பிரதி எடுத்துக்கொள்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் கன்டெய்னரை ரீஸ்டார்ட் செய்யும்வரை பழையதிலேயே இருக்கலாம். ஃபைல் மாறியதோடு வேலை முடிந்தது என்று டிக்கெட்டை மூடிவிடாதீர்கள்.

இந்த வரி ஏன் நம்பிக்கை சம்பந்தப்பட்டது

2011 நவம்பரில் அமெரிக்காவின் எஃப்பிஐ ஒரு வழக்கை வெளியிட்டது. எஸ்டோனியாவில் ஆறு பேர் கைதானார்கள். அவர்கள் பரப்பிய டிஎன்எஸ்சேஞ்சர் என்ற தீநிரல், நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளில் சுமார் 40 லட்சம் கம்ப்யூட்டர்களைத் தொற்றியிருந்தது. அது முக்கியமாகச் செய்தது ஒன்றுதான்: டிஎன்எஸ் சர்வர் முகவரியை மாற்றியது. விண்டோஸிலும் மேக்கிலும் மாற்றியது; எளிதில் ஊகிக்கக்கூடிய பாஸ்வேர்டு இருந்தால் வீட்டு ரவுட்டரிலும் மாற்றியது. அதன் பிறகு அந்த மனிதர்கள் எந்தப் பெயரை அடித்தாலும், எங்கே போவது என்று முடிவு செய்தது குற்றவாளிகளின் சர்வர்.

சர்வர்களைப் பறிமுதல் செய்து அணைத்திருந்தால் அத்தனை பேருக்கும் ஒரே நொடியில் இணையம் போயிருக்கும். அதனால் நீதிமன்ற உத்தரவோடு, பைண்டைப் பராமரிக்கும் ஐஎஸ்சி அமைப்பு அதே முகவரிகளில் நல்ல சர்வர்களை நடத்தியது. முதலில் 2012 மார்ச் வரை என்றிருந்த காலக்கெடுவை நீட்டித்து, 2012 ஜூலை 9 அன்று அணைத்தார்கள். இந்தியாவிலும் அன்றுவரை தொற்று நீங்காத கம்ப்யூட்டர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தன.

இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது இரண்டு. ஒன்று, உங்கள் மெஷினின் டிஎன்எஸ் யார் என்று தெரியாமல் இருப்பது சாதாரண விஷயம் இல்லை. நீங்கள் போகும் இடமெல்லாம் அவருக்குத் தெரியும், நினைத்தால் வழியையும் மாற்றுவார். 2009-இல் வந்த 8.8.8.8, 2018-இல் வந்த 1.1.1.1 இரண்டும் வீட்டு லேப்டாப்புக்கு நல்ல தேர்வுகள்தான். ஆனால் அலுவலக சர்வரில் அவற்றை எழுதினால், உங்கள் நிறுவனத்தின் உள் பெயர்கள் எல்லாம் வெளியாரிடம் கேள்வியாகப் போகின்றன. பாதுகாப்புக் குழுவைக் கேட்காமல் செய்யக்கூடாத வேலை அது. இரண்டாவது பாடம், டிஎன்எஸ் சர்வரை அணைக்கும்போது ஐஎஸ்சி காட்டிய பொறுமை. அதைத்தான் அடுத்துச் சொல்ல வருகிறேன்.

பழைய சர்வரை அணைப்பதற்கு முன்

எங்கள் குழு ஒருமுறை அலுவலகத்தின் பழைய டிஎன்எஸ் சர்வர்களை விட்டுப் புதியவற்றுக்கு எல்லா மெஷின்களையும் மாற்றியது. லினக்ஸ், சோலாரிஸ், ஏஐஎக்ஸ் எல்லாம் கலந்த பெரிய பட்டியல். சர்வர்களை மாற்றுவது எதிர்பார்த்ததைவிடச் சுலபமாக முடிந்தது. எழுதுபவர் யார் என்பதை வைத்துப் பட்டியலைப் பிரித்துவிட்டோம்; ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு ஸ்கிரிப்ட் போதுமானதாக இருந்தது. உண்மையான வேலை அதற்குப் பிறகுதான் தொடங்கியது.

பழைய சர்வரில் கேள்விகளைப் பதிவுசெய்யும் லாகை இயக்கினோம். பைண்டில் ஆர்என்டிசி க்வெரிலாக் என்ற ஒரு கட்டளை போதும். வேறு மென்பொருள் என்றால் டிசிபிடம்ப் வைத்து 53-ஆம் போர்ட்டைக் கவனிக்கலாம். எங்கள் பட்டியலில் இல்லாத முகவரிகளிலிருந்து கேள்விகள் வந்துகொண்டிருந்தன. பிரிண்டர்கள். சிசிடிவி ரெக்கார்டர். வாசலில் விரல்ரேகை வைக்கும் வருகைப்பதிவுக் கருவி. சர்வர்களின் உள்ளே தனி ஐபியோடு இருக்கும் மேனேஜ்மென்ட் கார்டுகள். நெட்வொர்க் ஸ்விட்ச்கள். எல்லாவற்றிலும் நிறுவியவர் கையால் எழுதிவைத்த பழைய ஐபி. ஒவ்வொன்றையும் தேடிப் போய், பொறுப்பாளரைப் பிடித்து, மாற்றவைத்தோம். இரவு ஷிஃப்டில் இருந்த செக்யூரிட்டி அண்ணன் ஒருவர் கூடவே வந்து, எந்தக் கருவி எந்தச் சுவரில் இருக்கிறது என்று காட்டியிருக்காவிட்டால் பாதியைக் கண்டுபிடித்திருக்க மாட்டோம்.

லாக் சில நாள் அமைதியாக இருந்தாலும் அணைத்துவிடாதீர்கள். மாதக் கடைசியில் மட்டும் ஓடும் சம்பள வேலை இருக்கும், காலாண்டு முடிவில் மட்டும் விழிக்கும் கணக்கு அறிக்கை இருக்கும். ஒரு காலாண்டு முடியும்வரை பழைய சர்வர் ஓடட்டும். அவ்வளவு நாள் வைத்திருக்க முடியாத சூழல் என்றால், பழைய சர்வரின் ஐபியை அதே நெட்வொர்க்கில் உள்ள புதிய சர்வருக்கு இரண்டாவது முகவரியாகக் கொடுத்துவிடுங்கள். தவறி விடுபட்ட கருவிக்கும் பதில் கிடைத்துக்கொண்டிருக்கும், லாகும் தொடரும்.

இந்த வேலை முழுக்க எங்களுக்கு நேரத்தை மிச்சம் பிடித்துக் கொடுத்தது சர்வர் பட்டியலில் புதிதாகச் சேர்த்த ஒரே ஒரு நெடுவரிசை: "டிஎன்எஸ்ஸை எழுதுபவர்". ஒவ்வொரு மெஷினுக்கும் எதிரே நெட்பிளான், நெட்வொர்க் மேனேஜர், பப்பெட், எஸ்எம்எஃப், கை என்று ஒரு சொல் மட்டும். உங்கள் பட்டியலிலும் இந்த வாரமே அதைச் சேர்த்துவிடுங்கள். பத்து மெஷின்களில் தொடங்கினாலும் போதும். டிஎன்எஸ் மாற்றம் அவசரமாக வரும் நாளில், எந்த மெஷினில் எந்தக் கட்டளை என்று யோசிக்காமல் கை வைக்க அந்த ஒரு சொல் போதுமானது.